தொப்பியின் எடை

ஆர்லிஸை அடக்கம் செய்த அன்று, சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, பாசடீனாவிலிருந்து வந்திருந்த ஒருவர் எங்கள் கொட்டகைக்குள் போய் ரோட்ஸ்டர் காரின் பின்பக்கம் மண்டியிட்டுப் பார்த்தார். பழைய ஹாட் ராட் கார்களை வாங்கி, அவை கட்டப்பட்ட நாளில் இருந்தது போலவே திருத்தி வைப்பது அவர் தொழில். அடக்கத்துக்கென்று போட்டு வந்த நல்ல பேண்ட்டில் முழங்காலில் எண்ணெய் ஆகிவிட்டது. அதை அவர் கவனிக்கவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

எழுந்து வந்து, "பின்னாடி ஷாக் அப்சார்பரை யாரோ தப்பா மாட்டியிருக்காங்கம்மா" என்றார். இரண்டு ஷாக்கின் மேல் முனைகளையும் தாங்குகிற குறுக்குக் குழாய், இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரல்கடை கீழே இருக்கிறதாம். நல்ல வளர்த்தியான ஆம்பளை ஒருவர் உட்கார்ந்து ஓட்டினால் பெரிய பள்ளத்தில் முட்டுமாம். விலை பேசி முடித்தால் முதல் வேலையாக அதைச் சரி செய்துவிடலாம் என்றார்.

"அது ஆம்பளைக்குன்னு மாட்டினது இல்லை" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார். யாராவது இப்படிக் கேட்டால் ஆர்லிஸிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிடுவது என் வழக்கம். அவன் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவான். இப்போது அவனும் இல்லை. அந்தக் காரின் இரும்புச் சட்டத்தின் மேல் அன்று உட்கார்ந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். ஆகவே எழுதி வைக்கிறேன்.

ஆர்லிஸ் என் கணவன் டெல்மரின் தம்பி. ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆயில்டேலில், அப்போது கார் கட்டாத ஆம்பளை கிடையாது. வாரம் முழுக்க எண்ணெய்க் கிணற்றில் வேலை. ஞாயிறு காலை சர்ச், சர்ச் முடிந்ததும் யாராவது ஒருவரின் கொட்டகை. பழைய ஃபோர்டு ஒன்றின் சட்டத்தை எடுத்து, மேலே இருந்ததில் பாதியைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய எஞ்சின் ஒன்றை உள்ளே திணிப்பார்கள். கூரை கிடையாது, மட்கார்டு கிடையாது. தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்த்துவார்கள். கோடையில் மலையைத் தாண்டி எல் மிராஜுக்குக் கொண்டு போய், காய்ந்த ஏரித் தரையில் நேர்கோட்டில் ஓட்டி, எவ்வளவு வேகம் போகிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒக்லஹோமாவிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த எங்களை ஓக்கிகள் என்று சொல்லி மூக்கைச் சுளிப்பவர்கள்கூட எங்கள் கார்களைப் பார்க்க வந்து நிற்பார்கள்.

இந்தக் கார்களின் பின்பக்கத்தில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், வில்லைக் குறுக்கே வைத்தது போல இருக்கும். அது லேசில் அடங்காது. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் குதித்துக்கொண்டே போகும். அந்தக் குதிப்பை அடக்கத்தான் ஷாக். ஆற்று மணலில் கவிழ்ந்து கிடந்த ஒரு பிக்கப்பிலிருந்து டெல்மர் இரண்டு ஷாக்குகளைக் கழற்றிக்கொண்டு வந்து, மண்ணெண்ணெயில் கழுவி, என் சமையலறை ஜன்னலில் காய வைத்திருந்தான். குழாய்க்குள் ஒரு தண்டு போய் வருகிற வகை. கீழ் முனை ஆக்சிலில், மேல் முனை சட்டத்தின் குறுக்கே வெல்டு செய்த குழாயில். இரண்டும் மேலே ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும்.

மாட்டுவதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கார் தன் முழு பாரத்தோடு நிற்கும்போது தண்டு பாதி உள்ளே, பாதி வெளியே இருக்க வேண்டும். ஆனால் ஷாக் மாட்டுகிற நேரத்தில் கார் வெறும் எலும்புக்கூடு. மேல் உடம்பு இல்லை, பெட்ரோல் டாங்க் இல்லை, ஆள் இல்லை. ஸ்பிரிங் சட்டத்தை உயரத் தூக்கி வைத்திருக்கும். அந்த உயரத்தை நம்பிக் குழாயை வெல்டு செய்துவிட்டால், பிற்பாடு பாரம் ஏறியதும் தண்டு முழுக்க உள்ளே போய்விடும். அதற்கு மேல் அது ஷாக் இல்லை, இரும்புக் கட்டை. அடுத்த மேட்டில் ஒன்று குழாய் பிய்ந்து வரும், இல்லை காரின் வால் ஆகாயத்துக்குப் போகும். ஏரித் தரையில் அந்த வேகத்தில் வால் தூக்கினால் கார் குறுக்கே திரும்பும். திரும்பினால் உருளும்.

இதற்கு எங்கள் ஆட்களின் கார் க்ளப்பில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆட்களையே பாரமாக ஏற்றுவது. உட்காருற ஞாயிறு என்று அதற்குப் பெயர். ரஸ் என்று ஒருவன், எங்களில் பெரிய உடம்பு, அவன் எப்போதும் காரின் மேல் உடம்பு. மெலிந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து கதவுகளும் முன்பக்கமும். டாங்குக்குப் பதில் ஒரு உருளைக்கிழங்கு மூட்டை. ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால், சட்டத்தின் மேல் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். அது ஓட்டுகிறவன் இடம். அந்தப் பெட்டியில் யார் உட்கார்ந்திருக்கும்போது மேல் குழாய்க்கு முதல் வெல்டுப் பொட்டு வைக்கப்படுகிறதோ, கார் அவனுடையது. காசு கொடுத்தவன் யார், பதிவு யார் பெயரில் என்பதெல்லாம் அரசாங்கத்துக்கு. க்ளப்புக்கு உட்கார்ந்தவன்தான் சொந்தக்காரன். வேறு யாராவது ஓட்டக் கேட்டால், "நீ உட்கார்ந்த கார் இல்லையே" என்பார்கள். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

மார்ச்சில் டெல்மர் உட்காருவதற்கு நாள் குறித்திருந்தது. அதற்கு முந்தின வாரம் கிணற்று மேடையில் கம்பி அறுந்து அவன் மேல் விழுந்தது. அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

டெல்மரின் அடக்கம் முடிந்து சில வாரங்களில் க்ளப் தலைவன் கிளீவ் வந்தான். அவன் குடும்பமும் என் குடும்பமும் ஒக்லஹோமாவிலிருந்து ஒரே லாரியில் வந்தவை. சின்ன வயதில் என் பின்னலை இழுத்தவன். டெல்மரின் காரை முடித்து, ஜூலையில் ஏரிக்குக் கொண்டு போய், அவன் நினைவாக ஒரு ஓட்டம் ஓட்டப் போவதாகச் சொன்னான். ஆர்லிஸ் ஓட்டுவான். அப்புறம் காரைத் திருப்பிக் கொண்டு வந்து என் கொட்டகையில் விட்டுவிடுவார்கள். எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது.

அந்த ஞாயிறு எல்லாரும் வந்தார்கள். நானும் ஓபலும் சமையலறையில் இருந்தோம். ஓபல் என்னோடு கிழங்கு பிரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தவள், அடுத்த தெரு. பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. கிளீவ் பின்வாசலில் நின்று, டெல்மரின் தொப்பியைத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். சுவரில் மாட்டத்தான் கேட்கிறான் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனபோது வேலை முடிந்திருந்தது. ரஸும் மற்றவர்களும் சட்டத்தின் முன்பாதியில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தலையில் ஒருவரும் தொப்பி வைத்திருக்கவில்லை. பின்னால், பழப்பெட்டியின் மேல், டெல்மரின் தொப்பி. கிழங்கு மூட்டையைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள், தொப்பிக்குப் பக்கத்தில் அது நன்றாக இல்லை என்று. கிளீவ் வெல்டிங் முகமூடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். குழாய் இரண்டு பக்கமும் முழுசாக வெல்டு ஆகிப் புகைந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. 

அப்புறம் ஷாக்கைப் பார்த்தேன். தண்டு சரியாகப் பாதி வெளியே இருந்தது. பின்பக்கம் ஒரு பாரமும் இல்லாமல் பாதி.

தட்டுகளை வைத்துவிட்டு, "கிளீவ், இது யார் எடைக்கு மாட்டினது?" என்று கேட்டேன்.

"டெல்மருக்குத்தான்."

"டெல்மர் எங்கே?"

ரஸ் திரும்பிப் பெட்டியின் மேலிருந்த தொப்பியைப் பார்த்தான்.

"ஒரு தொப்பிக்கு ஷாக் மாட்டி வெச்சிருக்கீங்கடா" என்றேன்.

கிளீவ் என்னை வெளியே கூட்டிப் போய், நான் சரியாகத் தூங்குவதில்லை என்பது அவனுக்குத் தெரியும் என்றான். அவன் மனைவி எனக்காக ஜெபம் செய்கிறாளாம். அந்த இடத்தில் வேறு யாரை உட்கார வைப்பது என்று கேட்டான். உட்கார்ந்தால் கார் அவனுடையதாகிவிடும். செத்தவன் காரைப் பிடுங்கிக்கொண்டவன் என்று காலம் பூராவும் சொல்வார்கள். அதனால் மரியாதையாகக் காலியாக விட்டார்கள். ஒரு ஓட்டம்தானே, ஷாக் தாங்கிவிடும் என்றான். இதைச் சொன்னவன் முட்டாள் இல்லை. அவன் கட்டிய கார்கள் எல்லாம் நேராக ஓடின. வேறு எந்தக் காராக இருந்தாலும் இந்தத் தப்பை அவன் செய்திருக்க மாட்டான். அடுத்தவன் செய்தால் வாய் விட்டுச் சிரித்திருப்பான்.

அன்று நான் மேலே பேசவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஷெட்டிலிருந்து ஓபலைக் கொட்டகைக்குக் கூட்டி வந்து, மூட்டையைத் தூக்கிச் சட்டத்தின் பின்னால் வைத்தோம். ஓபல் தாராளமான உடம்புக்காரி, டெல்மருக்கு ஏறக்குறைய சமம். பெட்டியில் உட்கார்ந்து ஒரு தரம் குதி என்றேன். "பெட்டி உடைஞ்சா உன் பொறுப்புடி" என்று சொல்லிக் குதித்தாள். டொக் என்று இரும்பில் இரும்பு மோதியது. சுவரில் தொங்கிய ஸ்பேனர்கள் ஆடின.

ஆர்லிஸை வரச் சொல்லி அனுப்பினேன். எண்ணெய் உடுப்போடு அப்படியே வந்தான். அண்ணனைப் போல இல்லை அவன். ஒல்லி, பேச்சு குறைவு, எதையும் பிடித்தால் விடத் தெரியாதவன். ஓபல் அவனுக்காக இன்னொரு முறை குதித்தாள்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு."

"இது கொட்டகையில, நின்ன இடத்துல. ஏரியில?"

அவன் குனிந்து தண்டைத் தொட்டுப் பார்த்தான். அதில் வெளியே ஒன்றும் மிச்சமில்லை. தெரியாதது போல நடிக்கவில்லை. அவனுக்கு அன்று ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"அந்தப் பெட்டியில நான் உட்கார முடியாது லியோட்டா" என்றான்.

"உட்கார மாட்டே. ஆனா ஓட்டுவே."

"ஓட்டுறது அவனுக்காக. உட்கார்றது எனக்காகன்னு ஆயிடும்."

"சாகுறது யாருக்காக?"

ஓபல் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, காபி போடுகிறேன் என்று எழுந்து போனாள். ஆர்லிஸ் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். க்ளப் முடிவு செய்துவிட்டது என்றான் கடைசியில். வேண்டாம் என்று அவன் சொன்னால் பயந்துவிட்டான் என்பார்கள், அண்ணனுக்காக இதைக்கூடச் செய்யவில்லை என்பார்கள். கார் உருண்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இந்தக் கணக்கு அவனுக்கு இயல்பாகவே வந்தது. ஒரு வருஷத்தில் அதே வீட்டிலிருந்து இரண்டாவது சவப்பெட்டியைச் சுமந்து போய், அதே பாடலைப் பாடி, அதே உருளைக்கிழங்கு சாலட்டைத் தின்றுவிட்டு, எவ்வளவு மரியாதை தெரிந்த பையன் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அதை நினைத்தபோது, அடக்கத்துக்குப் பிறகு முதல் தடவையாக, எனக்கு நன்றாகப் பசித்தது. கோபத்துக்கு அந்தக் குணம் உண்டு.

அடுத்த ஞாயிறு காரின் மேல் உடம்பைத் தூக்கி வைக்க எல்லாரும் வருவதாக இருந்தது. அதற்குள் நான் தனியாகவே குழாயை அறுத்துப் போட்டிருக்கலாம். வேண்டுமென்றே அவர்களுக்காகக் காத்திருந்தேன். டெல்மரின் வேலைப் பேண்ட்டை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டேன். யுத்தத்தின்போது ரிச்மண்ட் கப்பல் தளத்தில் நான் வெல்டிங் செய்தவள். கப்பலின் வயிற்றுக்குள் படுத்துக்கொண்டு தலைக்கு மேலே வெல்டு அடித்திருக்கிறேன். யுத்தம் முடிந்ததும் ஆம்பளைகள் திரும்பி வந்துவிட்டார்கள், நன்றி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அதன் பிறகு கிழங்கு ஷெட்டில் நல்லது கெட்டது பிரித்துக்கொண்டிருந்தேன். கிளீவுக்கு இதெல்லாம் தெரியும். மறந்துபோயிருந்தான்.

அவர்கள் உள்ளே வந்து, மேல் உடம்பைச் சுவரில் சாய்த்து வைத்து, காலை வணக்கம் சொல்லும் வரை இருந்தேன். பிறகு கேஸ் டார்ச்சைப் பற்ற வைத்தேன்.

"என்ன பண்றே லியோட்டா?" என்றான் கிளீவ்.

"தொப்பியை இறக்குறேன்."

ஒரு பக்கம் அறுந்து, மறுபக்கம் அறுந்து, குழாய் தரையில் விழுந்து உருண்டு ரஸின் பூட்ஸில் போய் இடித்தது. அதைத் தொட அவன் குனியவில்லை. அறுத்த இடத்தில் சட்டத்தில் ஒரு வடு விழுந்தது. இன்றும் கீழே பார்த்தால் தெரியும். பாசடீனாக்காரர் அதையும் பார்த்திருப்பார், துரு என்று நினைத்திருப்பார்.

சுவர் ஆணியிலிருந்து டெல்மரின் தொப்பியை எடுத்தேன். பெட்டியின் மேல் வைக்கவில்லை. என் தலையில் வைத்துக்கொண்டு, ஏறிப் பெட்டியில் உட்கார்ந்தேன்.

"புதுசா ஒரு குழாய் வெட்டி வெச்சிருக்கேன். யாராவது பொட்டு வைங்க" என்றேன்.

 கிளீவின் கழுத்து சிவந்தது. சின்ன வயதிலிருந்து என்னை நீ என்று பேசியவன், அன்று முதல் முறையாக மாற்றினான்.

"மிஸஸ் ப்ரூயிட், நீங்க கீழ இறங்குங்க."

"எதுக்கு?"

"உட்கார்ந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் உட்கார்ந்திருக்கேன். உங்கள்ல ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லாத இடத்துல."

பெண்கள் காரில் உட்கார்ந்த வழக்கமே இல்லை என்றான். க்ளப் உறுப்பினர்கள்தான் சட்டத்தின் மேல் உட்காரலாம் என்றான். துக்கத்தில் இருக்கிறவளோடு சண்டை போட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சண்டை போட்டான். அப்போதுதான் ஓபல் அப்பம் வைத்திருந்த தட்டோடு உள்ளே வந்தாள். நிலைமையை ஒரு பார்வை பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ரஸின் வழக்கமான இடத்தில் போய் ஏறினாள்.

"என் பின்பக்கம் உறுப்பினர் இல்லைதான் கிளீவ்" என்றாள். "ஆனா எடை இருக்கு."

முதலில் சிரித்தது ரஸ். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கிழங்கு மூட்டையைத் தூக்கி எனக்குப் பின்னால் வைத்தான். அப்புறம் தானும் ஓபலுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். சட்டம் முனகிக்கொண்டு தாழ்ந்தது. மற்ற இரண்டு பேர் வெளியே போய் வேலியில் சாய்ந்து சிகரெட் பற்ற வைத்தார்கள். உட்காரவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை.

வெல்டிங் கம்பியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். நான் உட்கார்ந்தபடி அதைச் செய்ய முடியாது. கிளீவ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.  யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எழுந்திருக்க மாட்டேன் என்பது மட்டும்தான் தெரியும்.

ஆர்லிஸ் வந்து முகமூடியை எடுத்தான். போட்டுக்கொள்ளாமல், என்னையும் ஷாக்கையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சாப்பிட்டியா?"

"அது எதுக்கு இப்போ?"

"மார்ச்ல இருந்த ஆள்ல பாதிதான் இருக்கே. இந்த எடைக்கு மாட்டினா, நீ சரியானப்புறம் ஷாக் தப்பாயிடும்."

நான் சரியாவேன் என்று அதுவரை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. கடவுள் துணை இருப்பார் என்றார்கள், காலம் ஆற்றும் என்றார்கள். சரியானால் எவ்வளவு எடை இருப்பேன் என்று கணக்கிட்டது இவன் ஒருவன்தான். ஓபலிடம் சமையலறையில் சோளமாவுப் பை இருக்கிறதா என்று கேட்டான். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அலமாரியின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொன்னாள். வேலியோரம் நின்றவர்களில் ஒருவன் சிகரெட்டை எறிந்துவிட்டு அதை எடுத்து வந்தான். ஆர்லிஸ் பையை என் மடியில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தான். கொஞ்சம் மாவை ஒரு பாத்திரத்தில் கொட்டிக் குறைத்தான். மறுபடி வைத்தான். "மார்ச்ல இவ்வளவு இருப்பியா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் பொம்பளைகிட்டே கேக்குற கேள்வியா?" என்றாள் ஓபல்.

"இருப்பேன்" என்றேன்.

குழாயைத் தூக்கிப் பிடித்தான். தண்டு பாதி உள்ளே, பாதி வெளியே வரும் வரை மெல்ல ஏற்றி இறக்கினான். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டு முதல் பொட்டை வைத்தான். நீல வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். பொறி ஒன்று பேண்ட்டைத் துளைத்துக் காலில் சுட்டது. நான் அசையவில்லை. அசைந்தால் அளவு மாறிவிடும். முகமூடிக்குள் ஆர்லிஸ் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அதைக் கழற்றினான்.

கிளீவ் கிளம்பிப் போனான். ஆனால் மேல் உடம்பைத் தூக்கி வைக்க ஆள் போதவில்லை என்று தெரிந்ததும் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தான்.

ஜூலையில் ஏரிக்குப் போனோம். வெயில் ஏறுவதற்கு முன்பே கார்கள் வரிசையில் நின்றன. அங்கே ஓட்டம் நடத்தும் சங்கத்துக்காரர் ஒருவர் ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்து வந்தார். எங்கள் காரின் பின்பக்கத்தில் இரண்டு கையாலும் அழுத்தினார். தலையை ஆட்டினார். ஓட்டுகிறவர் யார் என்று கேட்டார். நான் தொப்பியைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தேன்.

அவர் மோசமாகப் பேசவில்லை. பெண்கள் ஓட்டக் கூடாது என்பது சங்கத்தின் விதி, தன் கையில் ஒன்றுமில்லை என்றார். கணவர் காரியம் கேள்விப்பட்டதாகவும் வருத்தம் என்றும் சொன்னார். தம்பி வந்திருக்கிறாரே, அவர் ஓட்டட்டுமே என்று ஆர்லிஸைக் காட்டினார்.

"நான் உட்கார்ந்த கார் இல்லை" என்றான் ஆர்லிஸ்.

சங்கத்துக்காரருக்கு அது புரியவில்லை. கிளீவைப் பார்த்தார். அந்த நிமிஷம் கிளீவ் என்ன சொல்வான் என்று எனக்கும் தெரியாது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றான்.

"அவதான் உட்கார்ந்தா" என்றான். "எங்க க்ளப்புல அதுதான் விதி. எனக்குப் பிடிக்கலை. ஆனா விதி அதுதான்."

உங்கள் க்ளப் விதி இங்கே செல்லாது என்று அவர் சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது. ஓட்டத்தின் நேரம் அளக்கிற இடத்துக்குள் கார் வரக் கூடாது, ஆளை மாற்றினால் வரலாம். ரஸும் மற்றவர்களும் ஆர்லிஸைப் பார்த்தார்கள். அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு, சாவகாசமாகச் சிகரெட்டைத் தேடினான்.

ஏரி பெரியது. அவர்கள் கொடி நட்டு வைத்த பாதை அதில் ஒரு கோடு. கொடிகளுக்கு அப்பால், வடக்குப் பக்கம், யாருக்கும் சொந்தமில்லாத அதே மண். முந்தின வருஷத்துச் சக்கரத் தடங்கள் காய்ந்து கல்லாகிக் கிடந்ததால் அங்கே யாரும் ஓட்டுவதில்லை. நான் காரில் ஏறினேன். ஆர்லிஸ் பின்னாலிருந்து தள்ளிக் கிளப்பிவிட்டான். சங்கத்துக்காரர் கையைத் தூக்கி ஏதோ கத்தினார். நான் வடக்கே திருப்பினேன்.

அதற்கு முன்னால் நான் அவ்வளவு வேகம் போனதில்லை, பிறகும் போனதில்லை. பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காதை மட்டும் பின்னால் வைத்திருந்தேன், அந்த டொக் கேட்கிறதா என்று. முதல் தடம் வந்தது. கார் ஏறியது, இறங்கியது, வால் மண்ணோடு படிந்து அப்படியே நின்றது. அடுத்த தடம். அடுத்தது. எனக்குக் கீழே இரண்டு ஷாக்கும் ஒவ்வொரு அடியையும் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தன. தொப்பி எங்கேயோ பறந்துபோனது. நான் நிறுத்தவில்லை. எதிர்க்கரை மலை தெளிவாகத் தெரியும் வரை காலை எடுக்கவில்லை.

திரும்பி வந்து நின்றபோது யாரும் கை தட்டவில்லை. சங்கத்துக்காரர் எங்கள் க்ளப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் முழுக்க எங்கள் கார் எதையும் ஏரியில் விடவில்லை. வருஷம் பூராவும் அதற்காகவே உழைத்தவர்கள், ஒருவர்கூட அதை என் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டியதில்லை. கிளீவ் காரின் பின்பக்கம் வந்து, இரண்டு கையையும் ஊன்றித் தன் முழு பலத்தோடு அழுத்திவிட்டு எடுத்தான். வால் எழும்பி வந்தது. இரண்டாவது தடவை ஆடவில்லை.

"நின்னுடுச்சு" என்றான். பிறகு, "தொப்பி எங்கே?" என்று கேட்டான்.

ஆர்லிஸும் ரஸும் சாயங்காலம் வரை தேடினார்கள். கிடைக்கவில்லை.

இவ்வளவையும் நான் பாசடீனாக்காரரிடம் சொல்லவில்லை. அவர் கொட்டகை வாசலில் நின்று, அந்த நாளில் கார் என்ன வேகம் போனது என்று கேட்டார். எங்கேயும் எழுதவில்லை என்றேன். அது விலையைக் குறைக்குமே என்று வருத்தப்பட்டார். குறையட்டும் என்றேன். சரி, கார் தன்னிடம் வந்தால் குழாயை அந்த ஒரு விரல்கடை மட்டும் ஏற்றிக்கொள்ள எனக்கு ஆட்சேபணை உண்டா என்று, பாவம், மரியாதையாகத்தான் கேட்டார்.

ஓட்டுகிறவள் ஒருத்தி இன்னும் அதில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். அவள் எழுந்த பிறகு வந்து கேளுங்கள்.